படுவான்கரைப் பாதை

எழுதும்போது இடது கையை வளைத்துக் கொப்பியை மறைத்துக்கொள்வார் கனகசிங்கம். பக்கத்தில் இருப்பது மனைவி சீதேவிப்பிள்ளைதான். ஆனாலும் கை வளையும். தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்கிற மனுசன். யாராவது "எப்பிடிச் சுகம்?" என்று கேட்டால்கூட, "என்னத்துக்குக் கேக்கிறயள்?" என்பார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள செட்டிபாளையத்துக்காரர். நீர்ப்பாசனக் கந்தோரில் மதகும் வாய்க்காலும் வரைவது தொழில். கொப்பியில் வரைவதோ வேறு: வருங்காலத்தில் மனிதரையும் சாமானையும் விண்வெளிக்கு ஏற்றப்போகும் ரொக்கட்டுகள். சும்மா கிறுக்கல் இல்லை. எடை, எரிபொருள், இருக்கை எல்லாம் கணக்கோடு இருக்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் அசையமாட்டார். "சனத்தையும் மூட்டையையும் ஒண்டா ஏத்தப்படாது." சனத்துக்குச் சின்னது, ஆபத்தென்றால் கழன்று தப்பக்கூடியது. சாமானுக்குப் பெரியது. சுனாமியன்று காயப்பட்ட அக்காவை அவர் ஏற்றிக்கொண்டு போனது அரிசி லொறி ஒன்றில். பாரம் தாங்காமல் அது மணலில் புதைந்தது. மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் அக்காவின் மூச்சு நின்றுவிட்டது.

சண்டைக்காலத்தில் ரொக்கட் என்று எழுதிய கொப்பியை வைத்திருக்க முடியுமா? வீட்டில் விட்டுப்போகவும் நம்பிக்கை இல்லை. சாப்பாட்டுப் பைக்குள் அதுவும் கந்தோருக்குப் போகும். எனவே பேர்களை மாற்றினார். வாவியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பேர். ரொக்கட் பாதையாயிற்று. வாவிக்குக் கிழக்கே நாம் இருக்கும் எழுவான்கரை, கொப்பியில் பூமி. மேற்கே உள்ள படுவான்கரை, விண்வெளி. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, படுவான்கரை, ஆமியோடு சண்டைபிடித்த இயக்கத்தின் கையில் இருந்த நேரம். சோதனைச்சாவடியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் கொப்பியை விரித்தான்.

"ஆள் பாதை, ஆறு பேர். சாமான் பாதை, இருபது தொன். எல்லாம் படுவான்கரைக்கா?"

"ஐயோ சேர், இது அந்தப் படுவான்கரை இல்ல!"

"அப்ப எது?"

ரொக்கட் என்று சொன்னால் அது இதைவிடப் பெரிய வில்லங்கம். மெல்ல ஒரு விரலை மேலே காட்டினார். அவனும் அண்ணாந்து பார்த்தான். காகம் ஒன்று பறந்தது. பொழுது சாயும்வரை வெயிலில் இருத்திவைத்து, விசரன் என்று சிரித்து விட்டுவிட்டார்கள். ஆள் பாதை வரைந்த தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவர் அதை வரையவேயில்லை. சாமான் பாதைகள் எத்தனையோ வந்தன. ஆள் ஏற ஒன்றில்லை.

சண்டை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு காலையில், கையை வளைத்துக்கொண்டு ஆள் பாதையை மறுபடி வரையத் தொடங்கினார். ஆறு இருக்கைகளுக்கு நடுவே இம்முறை ஒரு படுக்கையும் இருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த சீதேவிப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"சண்டைதான் முடிஞ்சிற்றே, இனியெண்டாலும் எனக்குச் சொல்லுங்களன். இது எங்க போற பாதை?"

கனகசிங்கம் வாசலைப் பார்த்தார். எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து, ஒரு விரலை மேலே காட்டினார்.