ஒரு பச்சை அறிக்கை, ஒரு சிவப்பு அறிக்கை

வெளியீட்டு நடைமுறை, பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று: "மென்பொருளில் உள்ள வெளியார் பகுதிகள் அனைத்தும், ஒன்றையொன்று சாராத இரண்டு கருவிகளால் சோதிக்கப்பட வேண்டும். இரண்டின் முடிவுகளும் முரண்பட்டால், முரண்பாட்டின் காரணம் எழுத்தில் பதிவாகும்வரை வெளியீடு நிறுத்திவைக்கப்படும்."

இந்த உட்பிரிவை எழுதியவன் நான். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்காக எழுதினேன். அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். அது கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. வெளியே ஒரு ஷெட் நிறையக் கோழிகள் மூச்சுத் திணறிச் செத்தன. ஒரு மனிதரின் வலது மணிக்கட்டு முறிந்தது. அவருடைய இடது கண் போனது.

ஓய்வு பெறும்வரை ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் தணிக்கை பார்த்தவன் நான். ஒரு கோப்பில் எந்தக் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்பதைக் கதவருகே நின்றே சொல்லிவிடுவேன். இந்தத் திறமையால் வீட்டில் யாருக்கும் பயனில்லை என்று வீட்டிலிருப்பவர்களே தெரிவித்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் அந்த நிறுவனத்துக்குப் போய்வந்தேன்.

அவர்கள் செய்வது கோழிப் பண்ணைக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. மூடிய ஷெட்டில் ஒரு பக்கம் ஈரத் திரை, மறுபக்கம் ஆளுயர மின்விசிறிகள். விசிறி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சுவரில் இருக்கும் பெட்டிதான் முடிவு செய்யும். பண்ணைக்காரர் கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தார்கள், வாழை இலையோடு.

நிறுவனத்தின் முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மாசி மாதத்தில் ஒருநாள் இரண்டு சோதனைக் கருவிகளைக் காட்டி, ஒப்பிட்டுப் பார்த்து நல்லதாக ஒன்றைச் சொல்லச் சொன்னார்.

முதல் கருவி பாதுகாப்புக்கானது. நம் மென்பொருள் எந்தெந்த வெளியார் நிரல்களைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியலை நம்மிடமே வாங்கி, ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு அது சரிபார்க்கும். வாசற்காவலாளியின் வேலை. பதிவேட்டில் பெயர் இல்லாதவன் உள்ளே இல்லை என்பது அதன் நம்பிக்கை.

இரண்டாவது கருவி உரிமத்துக்கானது. திறந்த மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதியவர் வைத்த நிபந்தனைகளை மதிக்க வேண்டும். அதை மதித்தோமா என்று பார்ப்பது இந்தக் கருவி. இது பட்டியலைக் கேட்பதில்லை. பிணவறையில் செய்வதுபோல உடலைப் பிளந்து வரிவரியாக எடுத்துப் போட்டு, இந்தத் துண்டு எந்த உடம்பிலிருந்து வெட்டி ஒட்டியது என்று சொல்லும்.

மூன்று வாரம் இரண்டையும் ஓட்டினேன். முதல் கருவி முழுப் பச்சை. இரண்டாவது ஒரே ஓர் இடத்தில் சிவப்பு. கைப்பேசியிலிருந்து வரும் செய்திகளைப் பெட்டிக்குள் வாங்கும் கோப்பு இவர்கள் எழுதியதல்ல. வெளிநாட்டில் ஒருவர் எழுதி, எல்லோருக்கும் திறந்துவைத்த நிரலின் நகல்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். நம் பக்கத்தில் லாரி எடுத்தாலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி எடுத்தாலும் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதி 'துணை' என்று முடிப்பார்கள். இந்த நிறுவனத்தில் ஒவ்வொரு நிரல் கோப்பின் நெற்றியிலும் அதை எழுதும் வழக்கம் இருந்தது. நகலெடுத்த கோப்பின் மேலே இருந்த மூன்று வரிகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் சாமியை வைத்திருந்தார்கள். அழிந்தவை: எழுதியவர் பெயர், உரிமம், பதிப்பு எண். பதிப்பு எண் இல்லாததால் அது பழையதா, திருத்தியதா என்று யாருக்கும் தெரியாது. பெயரே இல்லாததால் பட்டியலிலும் ஏறவில்லை. காவலாளி பச்சைக்கொடி காட்டியதில் வியப்பில்லை.

"ரெண்டுல எதுங்க சார் நல்லது?" என்றார் முதலாளி.

"இரண்டும் வேண்டும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இது முரண்பாடு. பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று."

"செவப்பு எதுக்குங்க காட்டுது?"

"அடுத்தவர் எழுதியதை உங்கள் பெயரில் போட்டிருக்கிறீர்கள்."

"அது காயிதச் சமாச்சாரமுங்க. எவன் ஏரோப்ளேன் புடிச்சு அஸ்தம்பட்டிக்கு வந்து கேக்கப் போறான்? மேல சாமி பேரு இருக்குதுங்க, அது போதும். பச்சையவே எடுத்துக்கலாமுங்க."

எடுத்துக்கொண்டார். நான் என் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினேன். நிரலை எழுதிய வெளிநாட்டுக்காரருக்கும் அந்தக் கோப்பை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: இது உங்கள் எந்தப் பதிப்பு, இதில் ஓட்டை உண்டா? பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து முதல் நினைவூட்டல். நடைமுறைப்படி என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு பண்ணையில் அத்தனை விசிறிகளும் நின்றன. கைப்பேசியில் எல்லாம் ஓடுவதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பண்ணைக்காரர் முதலாளியின் அக்காள் கணவர். முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். "வெள்ளச் சட்ட போட்ட பெரியவரு ஒருத்தரு கூட இருந்தா நல்லாருக்குமுங்க சார்" என்றார். பச்சை அறிக்கையைக் கோப்பில் வைத்து என் மடியில் கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டிலிருந்து சூடு ஒரு சுவர்போல வந்து மோதியது. கூண்டுக் கம்பிகளில் கழுத்து மாட்டித் தொங்கியவை, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி அலகைத் திறந்தபடி விறைத்தவை, இன்னும் உயிர் போகாமல் இறக்கையால் தரையை அறைந்துகொண்டிருந்தவை. பொக்லைன் ஏற்கெனவே குழி தோண்டிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தவற்றையும் சேர்த்தே அள்ளினார்கள். பிரித்தெடுக்க யாருக்கும் பொறுமையில்லை.

ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒரு தொழிலாளி, அயோத்தியாப்பட்டணத்துப் பக்கத்துக்காரர். அரிவாளால் பக்கவாட்டுப் படுதாக்களைக் கிழித்துக் கிழித்துக் காற்று விட்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் ரத்தம். முதலாளி மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, பதிவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். விசிறிகள் நின்றதாக ஒரு வரியும் அதில் இல்லை. கடைசியில் ஒரே ஒரு பதிவு: சுவிட்ச், தானியங்கியிலிருந்து கைக்கு மாற்றப்பட்டது.

"சாப்ட்வேர் பச்சைங்க மச்சான். சாரே சோதிச்சிருக்காரு. உங்காளுதான் கைய வெச்சிருக்கான்."

பண்ணைக்காரர் சுவரில் மாட்டியிருந்த மாற்று விசிறி பெல்ட்டை உருவினார்.

"ஏண்டா, எந்தக் கையிலடா நிறுத்துன?"

"நான் நிறுத்தலீங்க. அதுவா நின்னுபோச்சுங்க. எப்படியாவது ஓட்டலாம்னு கைக்குத் திருப்பினேங்க. அப்பவும் ஓடலீங்க."

"கேட்டியா மாப்ள? திருப்புனேங்கறான்! அவன் வாயிலயே வருது!"

முதல் அடி முகத்தில். ரப்பர் பெல்ட் கன்னத்தில் பட்டுச் சுருண்டு நுனி கண்ணுக்குள் போனது. அவர் அலறிக்கொண்டு குனிந்தார். முதுகில், கழுத்தில், மறுபடி முகத்தில். தலையைக் காக்க வலது கையைத் தூக்கியபோது பண்ணைக்காரர் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தீவனத் தொட்டியின் இரும்பு விளிம்பில் வைத்து, செருப்புக் காலால் ஓங்கி மிதித்தார். சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த சோளத்தட்டை ஒடிவதுபோல, அவ்வளவு சின்னச் சத்தம்.

"நிறுத்துங்கள், விசாரணை முடியவில்லை" என்று கோப்போடு குறுக்கே போனேன். பெல்ட்டின் திரும்பு வீச்சு என் காதில் விழுந்தது. கண்ணாடி கோழி எச்சத்தில் போய் விழுந்தது.

"பெரியவரே, தள்ளி நில்லுங்க. இது எங்கூட்டுப் பஞ்சாயத்து."

என் கையில் பச்சை அறிக்கை இருந்தது. சிவப்பு அறிக்கை அஸ்தம்பட்டியில் பத்திரமாக இருந்தது.

அடித்துக் களைத்த பண்ணைக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனார். "இந்தச் சனியனும் வேண்டாம்!" நான்கு குத்தில் பெட்டி தூளானது. உள்ளே என்ன நடந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அது. முதலாளி தடுக்கவில்லை. மடிக்கணினியை மூடினார்.

காயம்பட்டவரைத் தீவன வண்டியில் ஏற்றி சேலத்துக்குக் கொண்டுவந்தேன். கார் இருக்கை கெட்டுவிடும் என்று முதலாளி வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில், அந்தக் கோப்பைக் கையாண்ட பெண் பொறியாளர் என் மேஜை முன் வந்து நின்றார். என் காதுக் கட்டைப் பார்த்துவிட்டு அழுதார்.

"அந்த மூணு வரிய நான்தான் சார் அழிச்சேன். எல்லா ஃபைல்லயும் சாமி பேரு மட்டும்தான் மேல இருக்கணும்னு சொன்னாங்க. நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். ரொம்ப நீளமா ஒரு செய்தி அனுப்பினா போதும் சார், பெட்டி வெளிய இருக்கறவங்க கைக்குப் போயிரும்."

எவனோ எங்கிருந்தோ பெட்டியைக் கைப்பற்றித் தன் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் வேலைக்கு விசிறிகள் தேவைப்படவில்லை.

"சந்தேகமா, நிச்சயமா?" என்றேன்.

"எனக்கு நிச்சயம் சார். ஆனா அழிச்சவளே சொன்னா யார் நம்புவாங்க? எழுதினவரே சொல்லணும்."

நானும் அதையே நினைத்தேன். சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் தனித்து நிற்காது. இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு மூன்றாவது.

ஆனி மாதத்தில், பண்ணைக்கு அருகே ஒரு தீவனக் கடையின் முன்கூடத்தில் பேச்சுவார்த்தை வைத்தார்கள். பண்ணைக்காரர்களில் மூத்தவர் ஒருவர் நாற்காலியில். தொழிலாளி நின்றுகொண்டிருந்தார், கையில் மாவுக்கட்டு, கண்ணில் பஞ்சு. 'விசிறிகளை நான்தான் நிறுத்தினேன்' என்று அவர் கைநாட்டு வைத்தால் பண்ணைக்காரர் போலீசுக்குப் போக மாட்டார். இவரும் அடிபட்டதைப் பற்றிப் பேசக் கூடாது. அவர் மறுத்தார். "அப்படி எழுதிட்டா இனி எந்த ஷெட்லயும் என்னச் சேக்க மாட்டாங்க. எனக்கு வேற வேல தெரியாதுங்க" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவரு. அந்தச் சோதனையெல்லாம் நீங்கதான் பண்ணுனீங்களாமா. பொட்டி தானா நின்னுதா, இவன் நிறுத்துனானா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

தொழிலாளி மீதியிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நிரலை எழுதியவருக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். பதில் நிலுவையில் இருக்கிறது. அதற்கு முன் கருத்துச் சொல்வது முறையாகாது."

"அப்பத் தெரியலைங்கறீங்க."

"தெரியவில்லை என்று சொல்லவில்லை. பதில் வரவில்லை என்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் பெரியவர்.

சரியாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போடும் வலது கை கட்டில் இருந்ததால் இடது பெருவிரலை மையில் அழுத்திப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். முதல் முறை ரேகை கலைந்தது. இரண்டாம் முறை அழுத்தினார்கள். ஒரு நகலைக் கடைச் சுவரில் ஒட்டினார்கள், மற்றப் பண்ணைக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். ஊரில் அவருக்குக் 'கோழியக் கொன்னவன்' என்று பெயர் விழுந்தது. பண்ணைக்காரர் பெல்ட்டால் அடித்தார். ஆஸ்பத்திரியில் அந்தக் காயங்களை எண்ணி எழுதிக்கொண்டார்கள். நான் சொல்லாமல் அடித்ததை எழுத அங்கே பத்தி ஏதும் இல்லை.

பிறகு ஒரு காலை, ஊரே மேட்டூர்ப் பக்கம் ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லியிருந்தார். தனியாளாக, வேலை நேரம் போக இதைப் பராமரிக்கிறாராம். அனுப்பிய கோப்பு பழைய பதிப்புதான். அந்த ஓட்டை வழியாகப் பெட்டியை யாரும் கைப்பற்றலாம். பல வருடங்களுக்கு முன்பே அதை அடைத்து எல்லோருக்கும் அறிவித்துவிட்டதாகவும், மேலே அந்த மூன்று வரிகள் இருந்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும் என்றும் எழுதியிருந்தார். முடிந்தால் தன் பெயரைப் பழையபடி சேர்த்துவிடும்படி கடைசியில் ஒரு வேண்டுகோள்.

அச்செடுத்து, அன்றே நெரிசலான பேருந்தில் அயோத்தியாப்பட்டணம் போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். வாசித்துக் காட்டித் தமிழில் சொன்னேன்.

"அதுல எம் பேரு இருக்குதாங்கய்யா?"

"இல்லை."

"நான் நிறுத்தலன்னு இருக்குதா?"

"அப்படி நேரடியாக இல்லை. பெட்டியில் ஓட்டை இருந்தது என்று..."

"அத வெச்சிக்கிட்டு நான் என்னாங்க பண்றது? அந்தக் கடச் செவுத்துல ஒட்ட முடியுமா? நீங்க எழுதிக் குடுங்க. அன்னைக்கு உங்க வாயில வரல. இன்னைக்குக் கையிலயாவது வரட்டும்."

என்னிடம் பதவியும் இல்லை, முத்திரையும் இல்லை. அச்செடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'விசிறிகளை இவர் நிறுத்தவில்லை. பெட்டி தானே நின்றது. இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டவன் நான்; இது எனக்குச் சித்திரையிலேயே தெரியும், ஆனியில் கேட்டபோது சொல்லவில்லை.' கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் தாளை ஒற்றைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"தேதி போடலீங்களே."

ஆயுளில் முதல்முறையாக மறந்திருந்தேன். வாங்கி, கையெழுத்துக்குக் கீழே பதில் வந்த தேதியை எழுதினேன்: ஆடி பதினெட்டு.