சுறாவுக்குக் குழாய் பிடித்த ஆச்சக்கா

அந்தப் பல் மருத்துவமனைக்கு வந்து போனவர்களில் ஆச்சக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் முகத்தைக் கண்டவரும் கிடையாது. நாற்காலியில் மல்லாந்து கிடப்பவருக்கு மேலே விளக்கு தெரியும், டாக்டரின் மூக்குக்கண்ணாடி தெரியும், ஒரு முகமூடிக்கு மேல் இரண்டு கண்கள் தெரியும். அந்தக் கண்கள்தான் அவள். வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பாதி வேலைகூட ஆகியிருக்காது. சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டால்தான் பலருக்கு வாய் திறக்கவே தைரியம் வரும். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் எதிரே வந்தால் அதே ஆட்கள் யாரோ என்று தாண்டிப் போவார்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று அவள் குரல் கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும்.

காத்திருக்கும் அறையில் ஒரு டிவி உண்டு. சத்தம் வைக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதில் எப்போது பார்த்தாலும் கடல்தான் ஓடும். குழாயும் கையுமாக, கண்ணாடிக் கதவு வழியே, ஆச்சக்கா வருஷக்கணக்கில் சுறாக்களைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெரிய வாயைக் கிட்டத்தில் காட்டும்போது காத்திருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவளோ, 'ஒரு சொத்தைகூட இல்லையே!' என்று வியந்துபோவாள். அது ஏன் அப்படிச் சுற்றுகிறது, பக்கத்தில் நீந்தும் ஆள் என்ன சொல்கிறான், ஒன்றும் காதில் விழாது. கேள்விகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின.

ஒரு நாள் அதே டிவியின் அடியில் எழுத்தாக ஓடியது. வெப்பக் கடலில் சுறாக்களைப் பிடித்து, அளந்து, அடையாள வில்லை மாட்டித் திரும்ப விடும் ஆய்வுக்குழு ஒன்று, கூடமாட உதவ வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறதாம். யாரிடமும் மூச்சுவிடாமல் எழுதிப் போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள்!

வீட்டில் ஒரே கூத்து. தம்பிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"ஏன்க்கா, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னாலே உனக்குத் தலை சுத்தும். நீ நடுக்கடலுக்குப் போறியா? போன வேகத்துல வாந்தி எடுத்துட்டு வந்து நிப்ப, பாரு."

டாக்டர் லீவு கொடுத்தார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. "சுறாவுக்கு வேர் சிகிச்சை பண்ணப் போறியாம்மா?" என்று கேட்டு, நோயாளிகளையும் சேர்த்துச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைகளில் தராசு பழுதுபார்ப்பவர் அவர், வார்த்தையையும் எடை போட்டுத்தான் விடுவார். படகுத்துறை வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலுமிச்சை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"வாந்தி வந்தா வரட்டும். நீ வந்துடாத."

தம்பியின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். படகு கரையை விட்டதுமே ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் தூண்டிலும் மிதவையுமாக ஓடியாடிக்கொண்டிருக்க, ஆச்சக்கா படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். மிட்டாய் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. இரைமீன் வெட்டச் சொன்னார்கள். அந்த வாடை பட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். படுக்கச் சொன்னார்கள், படுத்தால் கூரையும் சேர்ந்து ஆடியது. முதல் சுறாவை மேலே ஏற்றியபோது எல்லோரும் கூவினார்கள். இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தவள் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

குழுவின் தலைவியையும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. ஒரு நாள் காலையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு சாமான் படகு வருதும்மா. அதுல நீங்க கெளம்பிடுங்க. இப்படியே இருந்தா உடம்பு தாங்காது. எனக்கும் வேலை செய்யற ஆள் வேணும்."

ஆச்சக்கா தலையாட்டினாள். அவர் போனதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள். வாந்திக்காக அழவில்லை. ஒரு சுறாவைக்கூடக் கிட்டப்போய்ப் பார்க்காமல், மறுபடியும் அந்த ஊமை டிவிக்குத் திரும்ப வேண்டுமே என்றுதான் அழுதாள். தம்பியின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

அன்று பிற்பகல் மிதவைகளில் ஒன்று முங்கி முங்கி எழுந்தது. புலிச்சுறா. அதுவும் சாமானியமானது இல்லை, படகுக்கு அருகில் இழுத்தபோது, "யம்மாடி!" என்று கயிறு பிடிக்கிறவரே வாயைப் பிளந்தார். படகின் பின்பக்கத்தில் தண்ணீரோடு தண்ணீராக இறக்கியிருந்த பலகையின் மேல் அதைக் கொண்டுவந்து, வாலில் கயிறு போட்டு, கண்ணை ஈரத்துணியால் மூடினார்கள். தாடிக்கார மாணவன் ஒருவன் கடல்நீர்க் குழாயை அதன் வாயில் வைத்தான். சுறா அசையாமல் கிடக்கும்போது செவுள் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அதற்கு மூச்சு.

சுறா ஒரு உதறு உதறியது. தாடிக்காரன் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குழாய் பலகையில் கிடந்து பாம்பாட்டம் ஆடியது.

"யாராவது குழாயைப் பிடிங்க!" என்று தலைவி கத்தினார்.

ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு கருவி. கை சும்மா இருந்தது ஒருத்திக்குத்தான். விளிம்பை விட்டுவிட்டு ஆச்சக்கா தவழ்ந்தே போனாள். எடுத்த எடுப்பில் குழாய் தலைவியின் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது. "ஐயோ, மன்னிச்சுக்கங்க!" என்றபடி திருப்பினாள். அப்புறம் கை தன் பழக்கத்துக்கு வந்துவிட்டது. வாய்க்கு நேராகக் குத்தாமல், கன்னத்து ஓரமாக நுழைத்து, மெல்ல உள்ளே சாய்த்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சு."

சுறாவுக்கு மரியாதை! கயிறு பிடித்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். செவுள்கள் திறந்து திறந்து மூடின.

துடுப்பின் ஓரத்தில் கடுகளவு சதை எடுத்தார்கள். நீளம் அளந்தார்கள். வில்லை மாட்டும் கருவியைத் தரச்சொல்லித் தலைவி யாருக்கோ தாடையை ஆட்டினார். வந்தது வினை. வேலை நடக்கும்போது பல் டாக்டர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். தாடையை ஆட்டினால் குழாயை எடு என்று அர்த்தம். இருபது வருஷப் பழக்கம். ஆச்சக்காவின் கை சட்டென்று குழாயை உருவிவிட்டது.

செவுள்கள் நின்றுபோயின.

"அம்மா!" என்று தலைவி அலறுவதற்குள் அவளே குழாயை மறுபடி வைத்துவிட்டாள். "தெரியாம எடுத்துட்டேன், தெரியாம எடுத்துட்டேன்" என்று சுறாவிடமே சொன்னாள். செவுள் அசைகிற வழியாக இல்லை. குழாயை இன்னும் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்தாள். லேசாக ஒரு அசைவு. அப்புறம் இன்னொன்று. அதன் பிறகு அவள் யாருடைய தாடையையும் பார்க்கவில்லை. செவுளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வில்லை மாட்டியாயிற்று. தூண்டிலை எடுத்தாயிற்று. "சரி, குழாயை எடுங்க, விட்டுடலாம்" என்றார் தலைவி.

"இருங்க டாக்டர்."

எந்த டாக்டரிடமும் அவள் இதுவரை சொல்லாத வார்த்தை அது. தலைவியின் கை அப்படியே நின்றது. செவுள் சீராக, ஆழமாக, முன்பு போலவே அசையும் வரை ஆச்சக்கா குழாயைப் பிடித்திருந்தாள்.

"ம். இப்ப எடுக்கலாம்."

கயிறு நழுவியது. அந்தப் பெரிய உடம்பு படகின் ஓரத்தில் அசைவில்லாமல் மிதந்தது. ஆச்சக்கா குனிந்து, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற அந்தக் குரலில் சத்தம் போட்டாள்.

"அதான் ஆச்சே! எழுந்து போங்க!"

வால் ஒரு தரம் வீசியது. தண்ணீர் எல்லோர் மேலும் அடித்தது. வரிகள் போட்ட முதுகு கீழே, இன்னும் கீழே போய் நீலத்தில் கரைந்தது. படகே அதிரும்படி எல்லோரும் கூவினார்கள். தாடிக்காரன் அடிபடாத கையால் பலகையைத் தட்டினான். ஆச்சக்காவும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூவினாள். அத்தனை நேரம் குமட்டலே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நினைத்த மாத்திரத்தில் விளிம்புக்கு ஓடினாள். அதற்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை சாமான் படகு வந்து சேர்ந்தபோது, ஆச்சக்கா பலகையில் உட்கார்ந்து குழாயின் வாயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய பை எடுத்துவைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் பயமாக இருந்தது. அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, படகோட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோ ஒரு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னாங்களே, எங்க?"

"அவங்க வர முடியாது" என்றார் தலைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வேலையா இருக்காங்க."

ஆச்சக்காவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அதற்குள் படகு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அவள் துள்ளி எழுந்து கத்தினாள்.

"அண்ணே! கரைக்குப் போனதும் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க! வாந்தி வந்துச்சு, நான் வரலன்னு!"