அபேகேயின் முட்டைகள்

ஒரு முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி முடிப்பதற்குள் அபேகேயின் இடது கை அடுத்த முட்டையைத் தொட்டுவிடும். கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். கருவுக்குள் கடுகைவிடப் பலமடங்கு சிறிய மணி ஒன்றை வைப்பாள், டேப் ஒட்டுவாள், அடுத்தது. இபாதானில் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேகத்துக்கு ஈடு கிடையாது.

"எறும்பு கடிச்ச மாதிரி ஏன்டி துள்ளுற?" என்பாள் பக்கத்து மேசை கெயிந்தே.

"கோழிக்குஞ்சு எனக்காகக் காத்திருக்குமா? நீ வேணா உக்காந்து தூங்கு."

என்ன வேலை என்று கேட்ட டாக்ஸிக்காரரிடம்கூட மூச்சுவிடாமல் சொன்னாள். "கருவுல நரம்பு முளைக்கும்ணே. அதுக்குக் கண்ணு கிடையாது. நுனியில விரல் மாதிரி இருக்கும், தடவித் தடவித்தான் போகும். தண்டுவடத்து நடுக்கோட்டுல இருக்குற செல்லுங்க ஒரு புரதத்தைக் கசியவிடும். அந்த வாடைய பிடிச்சுக்கிட்டு இது ஓடி வரும். கோட்டைத் தாண்டிட்டா கதையே வேற. கூப்பிட்ட வாடைய கண்டுக்காது, விரட்டுற வாடைதான் உறைக்கும். அதனால திரும்பி வராது."

"எங்க தம்பி லாகோசுக்குப் போன கதைதான்" என்றார் டாக்ஸிக்காரர். அபேகே சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தப் புரதத்தில் நனைத்த மணியைக் கருவின் ஒரு பக்கமாக வைத்தால், வழியில் இருக்கும் நரம்புகள் நடுக்கோட்டை விட்டுவிட்டு மணியை நோக்கி வளைய வேண்டும். பழைய புரதக் குப்பி தீரும்வரை வளைந்தன. புதுக் குப்பியைப் பேராசிரியர் ஓயெதிரான் வெளிநாட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் வந்த வாரமே, பாலைவனத்திலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று குளிரும் புழுதியுமாக வந்து இறங்கியது. அன்றிலிருந்து எட்டு வாரம், ஒரு நரம்புகூட வளையவில்லை.

"புரதம் செத்துப்போச்சு சார். வழியில பனி உருகியிருக்கும்." கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பட்டென்று சொல்லிவிட்டாள் அபேகே. அவளுக்குப் பொறுமை என்பது எந்த நாளிலும் கிடையாது.

பெரியவர் கோபப்படவில்லை. "ஏர்போர்ட்டுல ஆறு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்கம்மா. நான் சண்டை போட்டிருக்கணும். என் தப்புதான்" என்றார். மாதக் கடைசி வெள்ளியோடு இந்த வேலையை மூடிவிடலாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நடைவழியில் யார் எதிரே வந்தாலும் குனிந்தபடியே போனார்.

முட்டை வரத் தாமதமாகிறது என்று சண்டை போட அபேகேயே ஒரு நாள் ஊருக்கு வெளியே மொனியாவில் இருந்த கோழிப்பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரி இயா தாமோலா, தாமோலாவைப் பெற்றவள், அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள். அங்கே ரொட்டி அடுப்பை ஒட்டி, கந்தல் துணி போர்த்திய இரண்டு தட்டு முட்டை.

"எல்லாம் உன்னோடதுதான்டி ராசாத்தி. குஞ்சு பொரிக்கிற முட்டைனு சொன்னியே, இந்தக் குளிர்ல வெறைச்சுப் போயிடாதா? ஹார்மட்டான் வந்ததுலருந்து ரெண்டு ரெண்டு நாளு வெதுவெதுப்பா வச்சுத்தான் அனுப்புறேன். ஒரு நன்றி சொன்னியா நீ?"

அபேகே மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு நாள்! அடைகாக்கும் பெட்டியில் வைத்த தேதியைப் பென்சிலால் ஓட்டில் எழுதி, மூன்றாம் நாள் கரு என்று அவள் நம்பித் திறந்ததெல்லாம் ஏறக்குறைய ஐந்து நாள் கரு. அவள் மணி வைப்பதற்கு முன்பே நரம்புகள் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டன. தாண்டியவற்றிடம் எத்தனை நல்ல புரதத்தைக் காட்டி என்ன பயன்? சிறகு மொட்டும் கால் மொட்டும் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், வயது தெரிந்திருக்கும். கருவைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும், தேதியைப் பார்த்தல்ல என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அந்த ஒரு நிமிடம் அவளிடம் இருந்ததில்லை. வெட்கத்தில் காது சுட்டது. பேசாமல் இருந்துவிட்டால் வேலை கௌரவமாக மூடப்படும், பழி பெரியவரோடு போகும் என்ற எண்ணமும் ஒரு கணம் வந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று காலை இட்ட முட்டைகளாகக் கேட்டு வாங்கிவந்தாள். குப்பியில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு ஆறு மணிகளை நனைத்தது. மூன்றாம் நாள் திறந்தபோது, இந்த முறை ஒவ்வொரு கருவையும் உருப்பெருக்கியில் அளந்த பிறகே மணியை வைத்தாள். கால் மட்டும் தாளத்தை விடவில்லை. அடைகாக்கும் பெட்டியை மணிக்கு மூன்று தடவை எட்டிப்பார்த்துக் கெயிந்தேயிடம் திட்டு வாங்கினாள்.

மாதக் கடைசி வெள்ளி காலை, வேலையை மூடும் கூட்டத்துக்குக் கிளம்பிய பேராசிரியரைக் கையோடு நுண்ணோக்கி அறைக்கு அழைத்துவந்தாள். அவர் குனிந்து பார்த்தார். சாயத்தில் பச்சையாக ஒளிரும் நரம்பு இழைகள் பாதி வழியில் நடுக்கோட்டை விட்டுவிட்டு, மணிப்பக்கம் வளைந்து போயிருந்தன.

"வளைஞ்சிருக்கே! வேற குப்பியா?"

"நீங்க கொண்டுவந்ததுதான் சார். அது கெடவே இல்ல. முட்டைதான் மூத்துப்போயிருந்துச்சு. நான் கருவைப் பாக்காம தேதிய மட்டும் பாத்தேன்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. குமிழை மெல்லத் திருகினார்.

"அப்போ அந்த ஆறு மணி நேரத்துல... பனி உருகலையா?"

"உருகல சார்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அபேகே, பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் அந்த ஊர் வழக்கப்படி இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றி, அவர் திரும்பட்டும் என்று அசையாமல் காத்திருந்தாள்.