நிலாணி கையால் அணைத்த மெழுகுதிரி

நிலாணி பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவள். வீடு மாறி மாறி நான்கு பள்ளிக்கூடங்களில் படித்ததால், நெடுநாள் சிநேகிதி என்று சொல்ல அவளுக்கு ஒருத்தியும் வாய்க்கவில்லை. 1994இல் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், மாணவிகளின் சங்கமான ஒரு சொறோறிட்டியில் சேர விண்ணப்பித்தாள்.

"உது என்ன சங்கமடி?" என்று கேட்டார் அம்மா பாலேஸ்வரி.

"அதில சேர்ந்தால் எல்லாரும் சகோதரியள் அம்மா. முப்பது பேர்."

"என்ர கூடப்பிறந்த ரெண்டுமே என்னோட கதைக்கிறேல்லை. உனக்கு முப்பதோ?"

சங்கத்துக்குக் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் வீடு இருந்தது. கணப்படுப்புக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்துகளும் ஒரு வெள்ளை ரோஜாவும் பொறித்த சின்னம். அதன் கீழே, பெண்களுக்கு விடுதி கிடைக்காத காலத்தில் சேர்ந்து வீடு எடுத்த ஆறு மாணவிகளின் படம். புதிதாகச் சேருபவள் அந்த ஆறு பேரின் பெயரையும் சங்கத்தின் பாட்டையும் ஆறு கிழமைக்குள் மனப்பாடம் செய்யவேண்டும். பிறகு எல்லாரும் சம்மதித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் அடையாளமான சாவி வடிவ வெள்ளி ஊசியைச் சட்டையில், நெஞ்சுக்கு மேலே குத்திவிடுவார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாலும் ஊசி கிடையாது.

நிலாணி வீட்டுக்குப் போகும் ஸ்காபரோ பஸ்ஸில் நின்றபடியே எல்லாவற்றையும் பாடமாக்கினாள்.

அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு, மாலையில், எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொன்னார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, நாடா கட்டிய ஒரு சின்ன மெழுகுதிரியை ஏற்றினார்கள். அவளுக்கு அக்காவாக நியமிக்கப்பட்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஹெதர் முன்பே விளக்கம் சொல்லியிருந்தாள். திரி கைமாறிக் கைமாறிப் போகும். யாருக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறதோ அவள் ஊதி அணைப்பாள். அதுவரை அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

எல்லாரும் மெதுவாகப் பாட, திரி வந்தது. பக்கத்தில் நின்றவள் அதை நிலாணியிடம் நீட்டினாள்.

இருட்டில் பாட்டுக்கு நடுவே யாரோ சுடரை நீட்டினால் என்ன செய்வது என்று நிலாணியின் கைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டு உள்ளங்கைகளையும் சுடருக்கு மேலே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயில் கற்பூரம் அந்தக் கைக்காற்றைத் தாங்கும். இந்தச் சின்னத் திரி தாங்கவில்லை. அணைந்துவிட்டது.

வீடே அலறியது. சுற்றி நின்றவர்கள் அவள்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள்.

"கள்ளி! ஒரு சொல்லுச் சொன்னாயா?"

"ஆர் அவன்? பெயரைச் சொல்லு!"

அவளை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்து வருடக்கணக்காகிவிட்டது. சும்மா சிரித்துக்கொண்டு நின்றாலே போதும்போல இருந்தது. அப்போதுதான் ஹெதரைக் கண்டாள். அவள் மட்டும் அசையாமல், மோதிரம் போட்ட இடது கையைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

அது ஹெதரின் திரி என்று நிலாணிக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், ஒருத்தி கோபித்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஊசி கிடைக்காமல் போகலாம்.

"எனக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள். "எங்கட கோயிலில் சுடரை நீட்டினால் கண்ணில் ஒற்றுவோம். பழக்கத்தில் செய்துவிட்டேன். இது வேறு ஒருத்தியின் திரி. மன்னியுங்கோ."

ஹெதர் நடந்து வந்து, நெருப்புக்குச்சியைக் கிழித்துத் திரியை மறுபடி ஏற்றி நிலாணியின் கையில் கொடுத்தாள்.

"இந்த முறை சும்மா பிடி, போதும்," என்றாள். முதலில் சிரித்ததும் அவள்தான். திரி மறுபடி சுற்றித் தன்னிடம் வந்தபோது ஹெதர் அதை ஊதி அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊசியைக் குத்திவிட்டவளும் ஹெதர்தான். வீட்டில் பாலேஸ்வரி அதைக் கிட்ட வந்து பார்த்தார். நடந்ததெல்லாம் கேட்டார்.

"நெருப்பை வாயால ஊதி நூர்க்கிறதோ? நல்லகாலம், நீ கையால நூர்த்தனீ. கழட்டு, சாமிப் படத்துக்கு முன்னால வச்சிட்டுக் குத்து."

மூன்று வருடம் கழித்து, மிதுனனோடு கலியாணம் நிச்சயமான கிழமை, நிலாணி தனக்காகத் திரி ஏற்றச் சொன்னாள். ஹெதரும் வந்திருந்தாள். திரி நிலாணியிடம் வந்ததும் அவள் இரண்டு கைகளையும் மேலே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுடர் அணைந்தது.

அந்த வருடம் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, "ஊதவேண்டாமா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"இவள் கையால்தான்," என்றாள் ஹெதர்.