விரிகுடாவில் ஒரு கார்டியன்

1. 'அண்ணே' என்று கூப்பிட்ட நாள்

கப்பலுக்குப் போகப் போகிறேன் என்று என் வெல்டிங் பட்டறைக்கு வருகிற ஐ.டி.ஐ. பையன்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருவன்கூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போங்கள், நானே எழுதி வைக்கிறேன்.

நான் பத்தொன்பது வருடம் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். ஊர் கீரமங்கலம் பக்கம். குழாய் ஒழுகினாலும் வால்வு இறுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடைசியாக நான் ஏறியது சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற ஒரு கிழட்டுக் கப்பல். அது மத்தியதரைக் கடலில் ஒரு விரிகுடாவுக்குள் போய் நங்கூரம் போட்டது. குடாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

மூன்றாம் நாள் துறைமுக அதிகாரிகள் ஏறி வந்தார்கள். சர்டிஃபிகேட் எல்லாம் காலாவதி, இந்தக் கப்பல் இங்கிருந்து நகரக்கூடாது என்று கோர்ட் ஆர்டரை ஒட்டிவிட்டு, எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓனருக்கு போன் அடித்தோம். முதலில் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த நம்பரே இல்லை. கப்பலில் பதினொரு பேர். டீசல் தீர்ந்தது, ஜெனரேட்டர் நின்றது, ஃப்ரிட்ஜில் இருந்த கறி நாறியது.

கேப்டன் திருமயம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். நம்ம மாவட்டத்து ஆள் என்று எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அதுவரை 'ஃபிட்டர்' என்று மட்டும் கூப்பிட்டவர், ஒரு நாள் காலையில், "அண்ணே, இங்கிட்டு வாங்க" என்றார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"கோர்ட்டுல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிச்சுட்டாங்கண்ணே. கப்பலுக்கு கார்டியன்னு ஒரு பேரு மட்டும் வேணுமாம். வயசுல மூத்தவர் நீங்க. ஒங்க பேரைப் போட்டுக்கிறேன்."

"கார்டியன்னா என்னங்க சார்?"

"ஒங்க புள்ள புரோகிரஸ் கார்டுல போட்டதில்லையா? பேரண்ட் ஆர் கார்டியன்னு இருக்குமே, அது மாதிரிதான். ஒரு மரியாதைக்கு."

என் மகள் கயலின் புரோகிரஸ் கார்டில் அந்தக் கோட்டுக்கு மேலே நான் எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் ஒரு நாளும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. காகிதம் அந்த ஊர் எழுத்தில் இருந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே பத்துப் பேர் விமானம் ஏறினார்கள். கேப்டனும்தான். ஏணியில் இறங்கும்போது, "பதினஞ்சு நாள்ல வேற ஆள் வந்துருவாங்கண்ணே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கப்பல் விற்கப்படும் வரை, அல்லது வேறொருவன் அதே காகிதத்தில் கையெழுத்துப் போடும் வரை, கார்டியன் கப்பலை விட்டு இறங்கக்கூடாது. அதுதான் அந்த ஊர்ச் சட்டம். இதை எனக்குச் சொன்னவர் யூசுஃப் என்கிற படகுக்காரர். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரும் ரொட்டியும் கொண்டு வருவார். வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபோது நம் ஆட்களிடம் கற்ற உடைந்த இந்தியில் பேசுவார். "உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவர் சொன்னபோது நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். நம்ம ஊர்க்காரர் அப்படிச் செய்ய மாட்டார் என்றேன். என்ன ஒரு நம்பிக்கை, பாருங்கள்!

2. அந்தக் குடாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது

எட்டாம் வகுப்பில் 'மத்தியதரைக் கடல் காலநிலை: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை' என்பதை மாற்றிச் சொல்லி வாத்தியாரிடம் அறை வாங்கியவன் நான். அந்தப் பாடத்தை அங்கே பதினான்கு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

குடா லாட வடிவம். மூன்று பக்கமும் மலை, வாய் தென்மேற்கே திறந்திருக்கும். நம் கோட்டைப்பட்டினத்தில் தண்ணீர் வற்றினால் சேறு தெரியும், வெகுதூரம் நடந்தே போகலாம். இங்கே வற்றமும் இல்லை, பெருக்கும் இல்லை. கரையை ஒட்டியே ஆழம். காலையில் மலைக்காற்று, அப்போது கப்பலின் மூக்கு மலையைப் பார்க்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று, மூக்கு வாயைப் பார்க்கத் திரும்பும். முளையில் கட்டிய மாடு மாதிரி அதே வட்டத்தைத் தினமும் சுற்றினேன்.

வடக்கு ஓரத்தில் தண்ணீருக்கடியில் கருப்பாக ஒரு கோடு தெரியும். அது அலையைத் தடுக்கப் பழைய காலத்தில் கட்டிய கல்லணை என்று யூசுஃப் சொன்னார். ஒரு காலத்தில் அதுதான் துறைமுகமாம். மலையிலிருந்து வரும் ஆறு மண்ணைக் கொண்டு வந்து கொட்டியதில் துறை தூர்ந்து, ஊரே எதிர்க் கரைக்கு இடம் மாறிவிட்டதாம். மலைமேல் ஒரு கோட்டை. அதைக் கட்டியவன் ஒருத்தன், பிடித்தவன் ஒருத்தன், இடித்தவன் இன்னொருத்தன்.

"எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் போய்விட்டார்கள்" என்றார் யூசுஃப்.

"நான் மட்டும்தான் போகவில்லை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிழக்கு மூலையில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு துருப்பிடித்த கம்பத்தைக் காட்டினார். மூழ்கிப்போன கப்பலின் கொடிமரம். "அதற்கும் ஒரு கார்டியன் இருந்தான்" என்றார். அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

3. நானே போட்ட இரண்டாவது நங்கூரம்

இதை நினைத்தால்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

தை மாதம், ஒரு பகல். காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து அடித்தது. நம் பக்கத்தில் கச்சான் என்பார்களே, அது. குடாவின் வாய் அந்தப் பக்கம் என்பதால் மறைப்பே கிடையாது. அலை நேராக உள்ளே வந்தது. நங்கூரம் மண்ணை உழுதுகொண்டே நகர்ந்தது. கப்பல் பின்வாக்கில் அந்தக் கல்லணையை நோக்கிப் போனது.

மோதட்டும் என்று விட்டிருந்தால் கப்பல் உடைந்திருக்கும், கேஸ் முடிந்திருக்கும். யூசுஃப் படகில் வந்து என்னை இறக்கியிருப்பார். மறுவாரம் நான் கீரமங்கலத்தில் இருந்திருப்பேன். அந்த யோசனை வராமல் இல்லை, வந்தது. ஆனால் பாழாய்ப்போன ஃபிட்டர் கை சும்மா இருக்குமா? சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். துருப்பிடித்து இறுகிப்போயிருந்த பிரேக்கை அடித்து அடித்துத் தளர்த்தி, இரண்டாவது நங்கூரத்தை இறக்கினேன். சங்கிலி தடதடவென்று ஓடிப் பிடித்துக்கொண்டது. கப்பல் நின்றது.

மறுநாள் துறைமுக அதிகாரி ஒருவர் வந்து கை கொடுத்தார். "குட் கார்டியன்" என்றார்.

4. ஜூன் மாதத்து போன்

கயல் பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. திருச்சியில் இடம் கிடைத்தது. அட்மிஷனுக்கு நான் வந்துவிடுவேன் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். யூசுஃப் கரையில் சார்ஜ் போட்டுக் கொண்டு வந்த என் போனில், ஜூன் மாதம் என் மனைவி ராணி பேசினாள்.

"எங்க அண்ணன்தாங்க கூட வந்து கையெழுத்துப் போட்டுச்சு. அப்பன் ஊர்ல இல்லாத புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டுச்சு. புதுக்கோட்டையிலயே பி.காம். சேத்தாச்சு."

"ஏ ராணி, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்திருந்தா சர்டிஃபிகேட்டாச்சும் குடுத்திருப்பாங்க. வாரேன் வாரேன்னு சொன்னா காலேஜ்காரன் காத்திருப்பானா?"

பின்னால் கயலின் குரல் கேட்டது. "போனை வைம்மா. அப்பா பாவம்." அந்தப் பாவம் என்கிற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனைக் கடலில் எறியக் கை ஓங்கினேன். யூசுஃப் பிடுங்கிக்கொண்டார்.

5. கடைசியாக

ஐப்பசியில் கப்பலை ஏலத்தில் பழைய இரும்புக்கு விற்றார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஊருக்கு வந்து கேப்டனுக்கு போன் செய்தேன். "நல்லா இருக்கீங்களாண்ணே? வேற வழி இல்லண்ணே, எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்றார். நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

தம்பிகளா, நான் கற்றது இவ்வளவுதான். தெரிந்த சொல்லாக இருந்தாலும் காகிதத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னொருத்தனிடம் கேளுங்கள். அந்த இன்னொருத்தன் உங்கள் ஊர்க்காரனாக இருந்தால், மூன்றாவதாக ஒருத்தனிடமும் கேளுங்கள்.

போன வாரம் கயல் காலேஜ் டூருக்கு ஒரு ஃபாரம் கொண்டு வந்தாள். இப்போது மூன்றாம் வருடம். கீழே 'பேரண்ட் / கார்டியன்', தேவையில்லாததை அடிக்கவும் என்று இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். 'பேரண்ட்' என்பதன் மேல் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தது.

"ஐயோ, பழக்கத்துல அடிச்சுட்டேன்ப்பா. காலேஜ்ல கார்டியன்னு மாமா பேருதானே இருக்கு, இத்தன நாளும் அதுதானே போடும்" என்றாள். "வேற ஃபாரம் வாங்கிட்டு வரவா?"

"வேணாம்மா" என்றேன்.

இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தேதான் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டேன்.