ஒரு கண்ணில் பூ, ஒரு கண்ணில் வெந்நீர்த் துணி

சிங்காநல்லூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் சாந்தாமணிக்குப் பதினான்கு வருஷமாக வேலையே பார்ப்பதுதான். நூல் சுற்றிய கூம்பான கோனிலிருந்து இழையை எடுத்துக் கருப்புப் பலகையில் இழை இழையாகச் சுற்றுவாள். விளக்கைச் சாய்த்து, மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எத்தனை பஞ்சுமுடிச்சு என்று பார்த்து ஏ, பி, சி என்று தரம் எழுதுவாள். தரம் பார்க்க மெஷின் வந்த பிறகும், “சாந்தாமணி என்ன சொல்லுது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுமதிப் பெட்டியை மூடுவார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் அந்த இழைகள் கரையத் தொடங்கின. கருப்புப் பலகையில் வெள்ளை நூல், ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழையைப் போல ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். கண்ணைச் சிமிட்டினால் தெளியும். நாலு எண்ணுவதற்குள் மறுபடியும் கலையும். இமை ஓரமெல்லாம் மணல் தூவினாற்போல் எரியும். பொழுது சாய்ந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது திருச்சி ரோட்டு விளக்குகள் ஒவ்வொன்றும் இதழ் விரித்து நிற்கும். எதிரே வரும் லாரிகூடப் பூ சூடிக்கொண்டு வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழகாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் நல்ல நூலுக்கு சி போட்டுவிட்டாள். சூப்பர்வைசர் அங்கப்பன் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, இதுக்கா சி போட்டே? நூலைப் பார்த்துப் போட்டியா, கோபத்துல போட்டியா?”

“பார்த்துத்தானுங்க போட்டேன்.”

“அப்ப உன்ற கண்ணுக்குத்தான் சி போடோணும்.” சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். “பொங்கல் கழியட்டும். நானே நாலு பலகை சுத்தி வெக்கறேன், நீ தரம் சொல்லு. தப்பாச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிரு அம்மணி. எனக்கும் மேல பதில் சொல்லோணுமல்ல.”

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலையில்லை. ஆனால் சாந்தாமணி கேட்டால் ஒழியப் பேசாதவள். அவள் ஒரு சொல் சொன்னால் நாலுபேர் காது கொடுக்கிற இடம் அந்தப் பலகை ஒன்றுதான்.

கோன் ஓட்டுகிற கனகம் வைத்தியம் சொன்னாள். “இது சூடுதானக்கா, வேறென்ன. ராத்திரியே நந்தியாவட்டைப் பூவைத் தண்ணியில போட்டு வெச்சிரு. வெடியால கண்ணு மேல வெச்சுப் படுத்துக்கோ. எங்கூட்ல எல்லாருக்கும் இதுதான்.”

கண் எரிந்தால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி. அந்தப் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாந்தாமணி ஒரு மாதம் பூ வைத்தாள். கார்த்திகைக் குளிரில் இமைகள் இன்னும் கனத்தன. பூ போதவில்லை என்று நினைத்து, தண்ணீரை மண்பானைக்கு மாற்றி இன்னும் சில்லிட வைத்தாள்.

பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் சென்னகேசவன்தான் ஒரு சனிக்கிழமை விடாப்பிடியாக ராமநாதபுரத்துக் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா கீழ் இமையை விரலால் மெதுவாக அழுத்தி, கண்ணாடி வழியே பார்த்தார்.

“பற்பசை மாதிரி வருது. கண்ணு வறண்டு கிடக்குதுங்க.”

“தண்ணியா கொட்டுதுங்களே” என்றாள் சாந்தாமணி.

“வறண்டு உறுத்தறதாலதான் கொட்டுது. இமை ஓரத்துல வரிசையா எண்ணெய்ச் சுரப்பி இருக்குது. அந்த எண்ணெய் கண்ணீர் மேல படிஞ்சாத்தான் கண்ணீர் காயாம நிக்கும். உங்களுக்கு அது கட்டியாகி அடைச்சுப்போச்சு. மார்கழியில தேங்காயெண்ணெய் உறைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“வெயில்ல வெப்போமுங்க.”

“பனியில வெக்க மாட்டீங்கல்ல?”

சாந்தாமணிக்கு மண்பானை நினைவுக்கு வந்தது.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான துணி, பத்து நிமிஷம். மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக நீவ வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் இமை ஓரத்தைத் துடைக்க வேண்டும். நடுவில் சொட்டு மருந்து. அதற்கும் கேட்காவிட்டால் மாத்திரை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எரிகிற கண்ணில் சூடு வைப்பதா? பூவை விடவும் பயம், துணியை வைக்கவும் பயம். கடைசியில், மில்லில் இரண்டு பஞ்சு வந்தால் தனித்தனியாக ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதுபோலவே செய்தாள். சொட்டு மருந்து இரண்டு கண்ணுக்கும் உண்டு. வலது கண்ணுக்குப் பூ. இடது கண்ணுக்குத் துணியும் நீவலும் துடைப்பும்.

விடியலில் ஒரு கண்ணில் பூவும் ஒரு கண்ணில் ஆவி பறக்கும் துணியுமாக அவள் மல்லாந்து கிடப்பதைச் சென்னகேசவன் பல் விளக்கிக்கொண்டே நின்று பார்த்தான்.

“ஒரு கண்ணு ஊட்டி, ஒரு கண்ணு மேட்டுப்பாளையமா? நடுவுல மூக்குதான் மலை ரயிலா?”

“சும்மா போங்க.”

“இந்தப் பூ வெச்ச கண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது. நான் அந்தப் பக்கத்துக் கட்சி.”

தினமும் டெஸ்டிங் ரூமில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சிமிட்டாமல் பலகையைப் பார்த்து, இழை கலைகிறவரை எண்ணுவாள். முதல் வாரம் இரண்டு கண்ணும் நாலு. அவள் பூவை விடாததற்கு அதுவே காரணமாயிற்று. இரண்டாம் வாரம் இடது கண் ஆறு. மார்கழி பாதியில் இடது கண் பத்து எண்ணியும் கலையவில்லை. வலது கண் மூன்றுக்கு இறங்கியிருந்தது.

பதில் தெரிந்த பிறகும் அவள் மூன்று நாள் பூவை வைத்தாள். பஸ்ஸில் வலது கண்ணை மூடினால் ரோடு ரோடாக இருந்தது, லாரியின் பின்னால் எழுதியிருப்பதுகூடப் படிக்க வந்தது. இடது கண்ணை மூடினால் உலகம் மறுபடி பாலில் மிதந்தது, விளக்குகள் விரிந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டையும் மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே ராமநாதபுரம் வரை வந்துவிட்டாள். இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போதோ போயிருந்தது. அதுதான் சாக்கு என்று டாக்டரம்மாவிடமே போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஒத்தைக் கண்ணைப் பட்டினி போட்டுப் பார்த்தீங்களா?” டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இனி ரெண்டுக்கும் துணி. வலது பின்தங்கித்தான் இருக்கும், பொறுக்கோணும். முழுசா விட்டுட்டுப் போற நோவில்லை இது. பல் விளக்கற மாதிரி தினம் செய்யோணும்.”

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அங்கப்பன் நாலு பலகைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். கனகம் ஏதோ சாக்கில் வந்து கதவோரம் நின்றாள். முதல் பலகை ஏ. இரண்டாவது சி. மூன்றாவது ஏ. ஒவ்வொன்றுக்கும் அங்கப்பன் சரி என்று தலையாட்டினார்.

நாலாவதைத் திருப்பியபோது வலது கண் பொங்கியது. இழைகள் ஓடத் தொடங்கின. பி போலவும் இருந்தது, சி போலவும் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்பு அப்படித்தான் அந்த சியைப் போட்டாள்.

டீ வந்திருந்தது. சாந்தாமணி துவைத்து மடித்த கைக்குட்டையை டம்ளரைச் சுற்றிப் பிடித்தாள். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்களையும் மூடி அதை மேலே வைத்துக்கொண்டாள்.

“என்ன அம்மணி, தூக்கமா?” என்றார் அங்கப்பன்.

“இல்லீங்க. கண்ணுக்குச் சித்த நேரம் வேணுங்க.”

இப்படி ஒன்றை அவள் அந்த அறையில் கேட்டதே இல்லை. மெஷின்களின் சத்தம் எங்கோ பெரிய தண்ணீர் விழுவதுபோல் கேட்டது. கைக்குட்டை ஆற ஆற மறுபடி டம்ளரைச் சுற்றினாள். அவர் காத்திருந்தார். அவள் இமைகளை நீவி, மெதுவாகத் திறந்து, சிமிட்டினாள். இழைகள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் நின்றன.

“பி-ங்க. ஆனா கீழ் ஓரத்துல ஆறு இழை வேற கோன்.”

அங்கப்பன் பலகையைப் பிடுங்காத குறையாக எடுத்து விளக்கடியில் கொண்டுபோனார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“சுத்தறப்ப அறுந்துபோச்சு. பக்கத்துக் கோன்ல இருந்து முடிஞ்சு ஓட்டிப்போட்டேன். யாருக்குத் தெரியப்போகுதுன்னு.”

கதவோரத்தில் கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கப்பன் பலகையைச் சாந்தாமணியின் மேஜைமேல் வைத்தார்.

“மணிக்கொருக்கா அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“கேட்டாலும் மூடிக்குவேனுங்க” என்றாள் சாந்தாமணி. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. குனிந்து அடுத்த கோனை எடுத்தாள்.