இலங்கையிலிருந்து வந்த அண்ணி

மூடியே கிடந்த அண்ணனின் அறை ஜன்னலை அண்ணி இரண்டு கைகளாலும் தள்ளித் திறந்த சத்தம்தான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அண்ணன் காய்ச்சலில் இறந்த செய்தி வந்ததிலிருந்து, இரணியலுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். துக்கத்தையும் ஒழுங்கோடு அனுசரிக்க வேண்டும் என்பவர். அந்த வீட்டுக்குள் ஒரு தகரப்பெட்டியோடு நுழைந்து, "மாமி, நான் உங்க மருமக" என்றாள் அவள். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா அவளோடு பேசவில்லை. அம்மா சோறு போட்டாள். அண்ணனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு அண்ணி பாத்திரம் கழுவுவாள். கழுவிக்கொண்டே அவனைப் பற்றிச் சொல்லுவாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குரங்கு மாதிரி நடந்து காட்டியது, மீன்குழம்பு வைக்கிறேனென்று சட்டியைக் கருக்கியது. ஒருநாள் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன்னறையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்த அப்பா பாதி வசனத்தில் நிறுத்தினார். எங்கள் வீட்டில் அண்ணன் ஒருமுறைகூட குரங்கு மாதிரி நடந்து காட்டியதில்லை.

வருஷ நினைவு ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மகனின் மனம் கடைசிவரை வீட்டுக்கு வரவே ஏங்கியது என்று சொல்லி அப்பா ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அண்ணி பேசினாள்.

"இல்ல மாமா. ஊருக்குப் போவோமான்னு நான்தான் கேட்பேன். அப்பா கையில பிரம்பு இருக்கிற வரைக்கும் வரமாட்டேன்னு சொல்லுவாரு."

அவள் குரலில் கோபமில்லை. இல்லாததைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"எறங்குட்டி வெளிய!" என்றார் அப்பா.

யாரும் தடுக்கவில்லை. அம்மா மட்டும் ரோடுவரை கூடப் போய், நாகர்கோவில் போகிற மாட்டுவண்டியில் அவளை ஏற்றிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஜெபத்துக்கு அப்பாவின் பக்கத்தில் அம்மா உட்காரவில்லை. அண்ணியைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வருஷங்கள் போயின. பள்ளிக்கூடத்தைவிட்டு நின்று, பார்வையும் மங்கிப்போன அப்பா, ஒரு சாயங்காலம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "அந்தப் பிள்ள அவனப் பத்தி என்னவெல்லாம் பறஞ்சா?" என்று கேட்டார்.

அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். குரங்கு நடையைச் சொன்னாள். கருகிய சட்டியைச் சொன்னாள். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பொறவு?"

"எனக்கு அம்புட்டுதான் தெரியும். மிச்சத்தச் சொல்லதுக்கு நீங்க அவள இருக்க விடல்லியே."